வலைவிற்று வாங்கும் அயன்மொழிக் கல்வி

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி அமைந்த ஊர் ஆலந்தலை. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகியவற்றோடு சேர்த்து முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாக எண்ணப்பெறும் பழைமையுடையது. கொற்கைப் பாண்டியர்க்கு முத்தெடுத்துக் கொடுத்த பரதவரின் வழிவந்தோர் வாழும் கரை அது. அக்கரையின் பிள்ளைகள் இன்று எம்மொழியிற் கற்கின்றனர்? அக்கல்விக்கு அவர்தம் பெற்றோர் கொடுக்கும் விலை யாது? கொடுத்த விலைக்கு அவர் பெறுவதுதான் என்ன? தமிழ், தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் இவ்வினாக்களை ஒருமுறையேனும் தமக்குள் எழுப்பிப் பார்த்ததுண்டா?

கடலோரத்தாரைக் கல்வியறியாதார் என்று இகழ்வது நகரத்தார்க்கு வழக்கம். வரலாறு வேறு சொல்கிறது. 1554-இல் போர்த்துக்கல் நாட்டு இலிசுபன் நகரில் தமிழ்மொழி உரோம எழுத்தில் அச்சேறியது. 1578-ஆம் ஆண்டு அக்குதோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதன்முதல் அச்சுக்கண்ட மொழி தமிழே என்பது இதனாற் பெறப்படும். அந்நூலை ஆக்கியவர் முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளார். அவ்வச்சுப் பணிக்குப் பொருள் வழங்கியோர் யாவர்? புலவர் அல்லர், மடத்தார் அல்லர், மன்னரும் அல்லர். கடலில் மூழ்கி முத்தும் சங்கும் எடுத்த பரதவர்! 1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’ம் அக்கரை மக்களுக்காக எழுதப்பட்டதே. அடிகளாரின் நோக்கம் சமயம் பரப்புதல். அதுபற்றி நமக்குத் தனிக்கருத்து உண்டு. ஆயினும், பரதவர்க்கு ஒன்றைக் கற்பிக்க வேண்டுமாயின் பரதவர் மொழியை முதலில் தாம் கற்றாக வேண்டும் என்னும் எளிய உண்மை அந்தப் போர்த்துக்கீசியர்க்கு விளங்கியிருந்தது. நானூற்றைம்பது ஆண்டு கழிந்த பின்னும் நம் ஆட்சியாளர்க்கும் கல்வி வணிகர்க்கும் அது விளங்கவில்லையே!

கடற்றொழிலின் வரவு எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மாதந்தோறும் முதல் நாளிற் சம்பளம் வாங்கும் நம்போன்றார்க்கு அஃது எளிதிற் புரிவதன்று. பிடித்த மீன் கரைக்கு வந்து ஏலம் போகிறது. ஏலக்காரரின் தரகு கழிகிறது. முன்பணம் வாங்கியிருந்தால் அதற்கும் கழிகிறது. எரிநெய்ச் செலவு போக எஞ்சியது வள்ளத்துக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு, ஆளுக்கொரு பங்கு எனப் பிரிகிறது. ஒருநாள் ஆயிரம், மறுநாள் வெறுங்கை. பொறிப்படகுகளுக்கு ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்கு உட்படாத வள்ளத்தார்க்கும் நிம்மதி இல்லை. ஆனி ஆடிக் காற்றில் கடல் சீறிக் கிடக்க, வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும் நாள்கள் மிகுதி. பள்ளிகள் கட்டணம் கேட்கும் காலம் எது? அதே சூன் மாதம்! ஆண்டில் கை முற்றும் வறண்டு கிடக்கும் அவ்வேளையில்தான் சேர்க்கைக் கட்டணம், நூற் கட்டணம், சீருடைக் கட்டணம், உந்துக் கட்டணம் என்று வரிசையாய் வந்து வாயிலில் நிற்கின்றன. தடைக்கால உதவியாக அரசு ஒரு குடும்பத்துக்கு வழங்கும் தொகை 2024-இல்தான் 5,000 உருபாவிலிருந்து 8,000 உருபாவாக உயர்ந்தது. அத்தொகை அடுப்பங்கரைக்கே போதாது. பின் பிள்ளையின் கட்டணத்துக்கு என் செய்வது? மனைவியின் காதணி அடகுக்குப் போகிறது. அல்லது ஏலக்காரரிடம் மேலும் ஒரு முன்பணம். அம்முன்பணம் வாங்கியவன் தான் பிடித்த மீனைத் தான் விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையை அன்றே இழந்துவிடுகிறான். ஆங்கில எழுத்து இருபத்தாறையும் பிள்ளை வாய்ப்பாடமாய் ஒப்புவிப்பதற்காகத் தந்தை தன் கடலையே ஒற்றி வைக்கிறான் என்றால் அது மிகைக்கூற்றன்று.

இவ்வணிகம் எங்கிருந்து முளைத்தது? காமராசர் ஆட்சிக் காலத்தில் 1956-இல் நண்பகலுணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இராசகோபாலரின் குலக்கல்வித் திட்டம் 1953-இல் கொணரப்பட்டு 1954-இல் தூக்கியெறியப்பட்டதன் பின் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு அகலத் திறந்த காலம் அது. மீனவன் மகன் மீன்பிடிக்கவே கற்றாற் போதும் என்று சொன்ன திட்டம் ஒழிந்ததே என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதுவரை பல்கலைக்கழகங்களின் கீழ்ச் சிறு எண்ணிக்கையில் இயங்கிய மெட்ரிக்குலேசன் பள்ளிகளுக்கு 1978-இல் தனி வாரியமே அமைத்துக் கொடுக்கப்பட்டது. கண்டோர் எல்லாரும் கடை திறந்தனர். 1991-க்குப் பின் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு அரசு நல்கை இல்லை என்றாயிற்று. ஆதலின், புதிதாய்த் தோன்றுவது எதுவாயினும் கட்டணப் பள்ளியாகவே தோன்றியது. கொள்ளையைத் தடுக்க 2009-இல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றினர், குழு அமைத்தனர், பள்ளிவாரியாகக் கட்டணமும் வரையறுத்தனர். வரையறுத்த கட்டணத்துக்கு ஒரு பற்றுச்சீட்டு, வரையறுக்காத கட்டணத்துக்குச் சீட்டே இல்லை என்னும் புதுமுறையைக் கல்வி வணிகர் கண்டுபிடித்துக்கொண்டனர்.

இவையனைத்தினும் கொடிது அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கில வழியைப் புகுத்தியது. 2012-13 கல்வியாண்டில் தொடங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் அது பெருக்கப்பட்டது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தவே இவ்வாறு செய்தோம் என்றனர். வீட்டிற்குள் திருடன் வாராதிருக்க வீட்டுக்காரனே பொருளை எடுத்துத் தெருவில் வைத்த கதைதான் அது! தமிழ்வழி தாழ்ந்தது என்று அரசே ஒப்பிக் கையெழுத்திட்ட பின், எந்தத் தாய் தன் பிள்ளையைத் தமிழ்வழியிற் சேர்க்கத் துணிவாள்?

எதிர்ப்பே எழவில்லை என்பதற்கில்லை. 1999 ஏப்பிரலில் தமிழறிஞர் 102 பேர், தொடக்கக் கல்வியேனும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும் என்று சென்னையில் சாகும்வரை உண்ணாநோன்பு இருந்தனர். முதியவர் பலர் அவருள் இருந்தனர். அதன் விளைவாக ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் ஆணை அவ்வாண்டே பிறந்தது. 2000-இல் உயர்நயன்மன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. 2014-இல் கன்னட நாட்டு வழக்கொன்றில், தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்தலாகாது என்று தில்லி உச்சநயன்மன்றமும் தீர்ப்புரைத்தது. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே தக்கது என்று ஒன்றிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு அமைப்பு 1953-இலேயே அறிஞர்களைக் கூட்டி ஆய்ந்து எழுதிவைத்தது. சப்பானியரும் கொரியரும் பின்லாந்தினரும் அவ்வாறே கற்கின்றனர். அவர் எவரும் அறிவியலிற் பின்தங்கிவிடவில்லை. பெற்றோரின் ‘தேர்வுரிமை’ என்று நயன்மன்றம் பேசுகிறது. முன்பணம் வாங்கி நிற்பவனுக்கு ஏது ஐயா தேர்வுரிமை?

இனிக் கடலோரத்துக்கே உரிய ஓர் இழிவைச் சொல்ல வேண்டும். இதனை உள்நாட்டுத் தமிழர் பெரும்பாலும் அறியார். இக்கரையூர்களிற் கல்வியைப் பரப்பியவை பெரும்பாலும் கோவிலை அடுத்து எழுந்த உதவிபெறும் பள்ளிகள். அரசு செய்யத் தவறியதை அவை செய்தன. கட்டணமின்றித் தமிழ்வழியிற் கற்பித்தன; அங்குப் படிப்பவர் மீனவரின் பிள்ளைகளே. ஆனால் அரசு வழங்கும் நலன் ஒவ்வொன்றிலும் ‘அரசுப் பள்ளி’ என்னும் சொல் வேலியாய் நின்றது. காலையுணவுத் திட்டம் 2022 செபுதம்பரில் தொடங்கியது. ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு அது 2024 சூலையில்தான் வந்தது. நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகசுட்டில். இடைப்பட்ட காலத்தில் இப்பிள்ளைகளின் வயிறு தனியார் வயிறு என்று கருதினர் போலும்! உயர்கல்வி பயிலும் பெண்டிர்க்கு மாதம் 1,000 உருபா தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளியிற் படித்தார்க்கு மட்டுமே என்றிருந்தது. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றார்க்கும் அதனை நீட்டித்தது 2024 திசம்பர் 30-இல். நீட்டிப்பு விழா நடந்தது நம் தூத்துக்குடியிலேயே. காலந்தாழ்ந்தாயினும் செய்தனர்; பாராட்டுவோம். மருத்துவக் கல்விக்கு 2020-இல் இயற்றிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு? அஃது அரசுப் பள்ளியார்க்கே என்று சட்டம் வரைந்தனர். கட்டணமின்றித் தமிழ்வழியிற் கற்ற ஆலந்தலைப் பரதவன் மகளும், இலக்கக் கணக்கிற் பணங்கொட்டி நீட் பயிற்சி பெற்ற நகரத்துச் செல்வன் மகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது எவ்வகை நயன்மை?

இப்புறக்கணிப்பின் விளைவு கணக்கிலே தெரிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி உந்திலேறிப் போகப் போக எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் பறிபோகிறது. ஐந்து வகுப்புக்கு இருவர். அவருள் ஒருவர் தலைமையாசிரியர். அவர் பாதிநாள் அலுவலகக் கூட்டத்திலும் புள்ளிவிளக்கம் நிரப்புவதிலும் இருப்பார். ‘அங்கே பாடமே நடப்பதில்லை’ என்று எஞ்சிய பெற்றோரும் பிள்ளைகளைப் பெயர்த்துக்கொண்டு போகின்றனர். பள்ளி சாகிறது. பிறகு, மாணவர் இன்மையால் மூடினோம் என்பர்!

கல்வி உரிமைச் சட்டம் செய்த மற்றொரு செயலும் உண்டு. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடத்தை ஏழைகளுக்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தை அரசே செலுத்தும் என்றது. கேட்க இனிக்கும். தமிழ்வழிப் பள்ளியில் ஒரு கழிவறை கட்ட வழியில்லை; ஏழையின் பெயரால் பொதுப்பணம் ஆங்கிலப் பள்ளி முதலாளிக்குப் போகிறது என்பதே அதன் பொருள். தில்லியோ, தன் திட்டத்துக்குக் கையெழுத்திடவில்லை என்னும் காரணங்காட்டித் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நிறுத்திவைத்தது. 2025-இல் தமிழக அரசு உச்சநயன்மன்றம் செல்ல நேர்ந்தது. மும்மொழியை ஏற்றாற்றான் பணம் என்பது கொடுக்கல் வாங்கலா, ஆட்சியா? தமிழரின் வரிப்பணத்தைத் தமிழர்க்கே தர நெறிகட்டுவோரை எதிர்த்தல் நம் கடன். ஆயின், இந்தியை வாயிலில் மறித்து நிறுத்திய அதே கையால் ஆங்கிலத்தை அடுக்களை வரை அழைத்துச் சென்றவர் நம்மவரே என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

‘தமிழ் சோறு போடுமா?’ என்று கேட்போர் உளர். அக்கேள்வியை நான் இகழ மாட்டேன். பசித்தவன் கேட்கும் கேள்வி அது. போடச் செய்ய வேண்டியது அரசின் வேலை. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. கல்லூரியில் மட்டும் தமிழ்வழி பயின்று நுழைந்துவிடாதிருக்கப் பள்ளியும் தமிழ்வழியாக இருத்தல் வேண்டும் என்று 2020-இல் அதைத் திருத்தினர். நல்ல சட்டம். இருபது ஏன் எண்பது ஆகலாகாது? தமிழ்நாட்டில், தமிழர்க்குப் பணிசெய்யும் அலுவலர்க்குத் தமிழ்வழிக் கல்வி விதிவிலக்காயும் அயன்மொழிக் கல்வி விதியாயும் இருப்பது எந்நாட்டு முறை?

அன்றியும், ஆங்கிலப் பள்ளியிற் பிள்ளை பெறுவது என்ன? ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. ஏழைகளுக்கென்றே நடத்தப்படும் மலிவுக் கட்டணப் பள்ளியில் ஆங்கிலத்தில் உரையாடவல்ல ஆசிரியர் எத்தனை பேர்? அவர்க்குத் தரப்படும் ஊதியம் ஒரு கொத்தனாரின் கூலிக்கும் குறைவு. அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியரை மாதம் 5,000 உருபாவுக்கு அமர்த்தியது. பன்னிரண்டு ஆண்டு போராடிய பின்னும் அவர் எட்டியது 12,500. ஆசிரியன் வயிறு காயப் பிள்ளையின் அறிவு எங்ஙனம் நிறையும்?

ஆலந்தலைச் சிறுவன் பள்ளிக்கு வருமுன்பே பெருங்கல்வியொன்றைப் பெற்றிருக்கிறான். காற்றெல்லாம் அவனுக்கு வெறும் காற்றல்ல. வாடை, கொண்டல், கச்சான், சோழக்காற்று என்று திசைக்கொரு பெயர் சொல்வான். கடலோட்டத்தை நீவாடு என்பான். மீன் மேயும் கடலடிப் பாறை நிலத்தைப் பார் என்பான். மீன்வகைக்கு அவன் சொல்லும் பெயர்களைத் தொகுத்தால் ஓர் அகரமுதலியாகும். நெய்தல் திணையைப் பாடப்புத்தகத்திற் படித்துத் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற நம்மில் எத்தனை பேர்க்கு இச்சொற்கள் தெரியும்? நெய்தல் அவனுடைய வீடு! ஆயினும் ஆங்கிலப் பள்ளியில் அவன் வாயைத் திறந்து ஒரு தமிழ்ச்சொல் சொன்னால் தண்டக் கட்டணம். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அதனோடு முத்துக்குளிப்பாரின் சொற்கள் எத்தனை மூழ்கினவோ! இன்னும் ஒரு தலைமுறை ஆங்கிலவழியிற் போனால் வலைச்சொல்லும் வள்ளச்சொல்லும் அவ்வழியே போகும். நம் புலவர்கள் அப்போது கழக நூல்களில் ‘பரதவர்’ என்னும் சொல்லுக்கு உரை எழுதிக்கொண்டிருப்பர்.

குற்றத்தை மீனவத்தாய் மேல் ஏற்றுவது அறமன்று. அவள் யாரைப் பார்த்துச் செய்கிறாள்? ஊருக்கு வரும் ஊராட்சி அலுவலரைப் பார்க்கிறாள். வங்கிக் கணக்கரைப் பார்க்கிறாள். ஏன், தமிழாசிரியரையே பார்க்கிறாள். அவர் அனைவர் பிள்ளைகளும் எங்குப் பயில்கின்றன என்பதை அவள் நன்கறிவாள். தமிழைப் பயிற்றி ஊதியம் வாங்கி, அவ்வூதியத்தில் மகனை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பும் தமிழாசிரியர் என் உடன்பணியாளரிடையே மிகப் பலர். நம் இயக்கத்தாருள்ளும் இல்லாமல் இல்லை. ‘இனியன்’ என்றும் ‘தேன்மொழி’ என்றும் தூய பெயர் வைத்துவிட்டு, அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கும் பள்ளிக்கு முதற்கட்டணம் கட்டுவோரை நானறிவேன்.

வரும் சூன் மாதத்துக்கு முன் கடலோர ஊர்களில் நாம் நடத்தவிருக்கும் தமிழ்வழிக் கல்விக் கூட்டங்களுக்கு ஒரு நெறியை முன்வைக்கிறேன். மேடையேறுவோர் ஒவ்வொருவரும் தம் பிள்ளையோ பெயர்ப்பிள்ளையோ பயிலும் பள்ளியின் பெயரையும் பயிற்றுமொழியையும் முதலிற் கூறிவிட்டுப் பேசத் தொடங்கட்டும். கூறத் தயங்குவார்க்கு வழிச்செலவு கொடுத்து அழைக்க வேண்டுவதில்லை. அழைப்பிதழிலேயே இந்நெறியை அச்சிட்டுவிட்டால் பேச்சாளர் பட்டியலும் சுருங்கும். ஒலிபெருக்கி வாடகையும் குறையும்.