அஸ்திவாரத்துக்கு முன் ஆள் கணக்கு

கொச்சிக்குப் புதிய விளையாட்டு அரங்கம் வேண்டும் என்ற பேச்சு மீண்டும் பலமாக எழுந்திருக்கிறது. நெடும்பாசேரி விமான நிலையத்தை அடுத்த செங்கமநாட்டில் பெரியதொரு கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டுவது பற்றிக் கேரள கிரிக்கெட் சங்கம் 2023 முதல் பேசி வருகிறது. புதிது எதற்கு, இருக்கிற கலூர் ஸ்டேடியத்தையே சர்வதேசத் தரத்துக்கு உயர்த்தினால் போதாதா என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. அரங்கம் வந்தால் அணிகள் வரும், அணிகள் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் வேலை வரும் என்பது இரு தரப்பும் ஒப்பிக்கும் பாடம்.

இதில் நமது சங்கத்தின் நிலை என்ன? 'ஊர்க்காரர்கள் பாடு, நமக்கென்ன' என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி ஒதுங்க நமக்கு இடமில்லை. இந்த நகரத்தில் எழுந்த மாடிகளில் தமிழன் மண் சுமக்காத மாடி எது? வாத்துருத்தி காலனியிலும் களமசேரியின் லைன் வீடுகளிலும் குடியிருப்பவர்கள் இந்த ஊரைக் கட்டியவர்கள். கட்டியவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் விளையாட்டுக்கு விரோதிகள் அல்ல. நம் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கலூருக்குப் போகிறவர்கள்தாம். அரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பது நமது கேள்வி அல்ல. அது யாருடைய பணத்தில், யாருடைய உழைப்பில் எழும்புகிறது, லாபம் யார் பைக்குப் போகிறது என்பதே நமது கேள்வி.

கலூரின் கதையைப் பார்ப்போம். ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் 1996-ல் திறக்கப்பட்டது. ஜி.சி.டி.ஏ. என்று எல்லோரும் சொல்கிற பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து அது; அதாவது பொதுச் சொத்து. 1997-ல் நேரு கோப்பைக் கால்பந்தும், 1998 ஏப்ரல் 1-ல் இந்தியா-ஆஸ்திரேலியா கிரிக்கெட் ஆட்டமும் அங்கே நடந்தன. 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. அந்த உலகக் கோப்பைக்காக, கேலரிக்குக் கீழே வாடகைக்குக் கடை வைத்திருந்தவர்கள் கடையைக் காலி செய்ய நேர்ந்தது. அவர்கள் ஐகோர்ட்டுக்குப் போன பிறகே இழப்பீடு என்ற பேச்சு வந்தது. விளையாட்டின் பெயரால் சிறியவன் ஒதுக்கப்படும்போது அவன் கணக்கு யார் நினைவிலும் இருப்பதில்லை, கேட்டால்தான் கிடைக்கிறது.

இனி அணிகளுக்கு வருவோம். 2010 மார்ச்சில் ஐ.பி.எல். ஏலத்தில் கொச்சியின் பெயரில் ஒரு கிரிக்கெட் அணியை 33.33 கோடி டாலருக்கு முதலாளிகளின் கூட்டு ஒன்று எடுத்தது. அந்த ஏலத்தைச் சுற்றிய தகராறில் மத்திய மந்திரி ஒருவர் பதவி விலகினார். ஊரெல்லாம் கொண்டாடிய கொச்சி டஸ்கர்ஸ் 2011-ல் ஒரே ஒரு சீசன் ஆடியது. சொந்த மைதானத்தில் ஆடியது ஐந்து ஆட்டம். மீதி உள்ளூர் ஆட்டங்கள் இந்தூருக்குப் போயின. வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று கிரிக்கெட் வாரியம் 2011 செப்டம்பரில் அணியையே ரத்து செய்தது.

கதை அதோடு முடியவில்லை. ரத்து செய்தது தவறு என்று உரிமையாளர்கள் வழக்காடினார்கள். அவர்களுக்கு வாரியம் 538 கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும் என்ற மத்தியஸ்தத் தீர்ப்பை 2025 ஜூனில் பம்பாய் ஐகோர்ட் உறுதி செய்தது. சட்டப்படி அது அவர்களின் உரிமையாக இருக்கலாம். அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அணி போனதால் நஷ்டப்பட்ட முதலாளிக்கு வழக்காட ஓர் ஒப்பந்தம் கையில் இருந்தது. அணியை நம்பிக் கடை போட்டவனுக்கும், சீசன் வேலையை நம்பி வந்த கூலிக்காரனுக்கும் எந்தக் கோர்ட்டில் வழக்கு? அவர்கள் கையில் எந்த ஒப்பந்தம் இருந்தது?

2014-ல் வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் அப்படி ஓடிவிடவில்லை, கேலரியை நிரப்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2018-ல் கிரிக்கெட் ஆட்டத்துக்காகக் கலூரின் புல்தரையைத் தோண்டப் போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. மக்கள் ஒரு மைதானத்தைத் தங்களுடையது என்று நினைத்துவிட்டால் அதிகாரிகளும் வழிக்கு வருவார்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஆனால் 2025-ல் நடந்தது என்ன? மெஸ்ஸியும் அர்ஜென்டினா அணியும் நவம்பரில் கலூரில் ஆடுவார்கள் என்றார்கள். அவசர அவசரமாக மராமத்து தொடங்கியது. அக்டோபர் கடைசியில், ஆட்டம் நவம்பரில் இல்லை என்று ஸ்பான்சர் அறிவித்தார். பொதுச் சொத்தை எந்த ஒப்பந்தத்தின்படி தனியார் கையில் கொடுத்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் உரக்க எழுந்தது. காகிதத்தை முதலில் காட்டியிருந்தால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை.

கொச்சிக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. அமெரிக்காவில் ஓக்லாந்து என்று ஒரு துறைமுக நகரம். நம் கொச்சியைப் போலத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 2019-ல் அதன் கூடைப்பந்து அணி பக்கத்து நகரத்துக்குப் போனது. 2020-ல் அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் வேகாஸுக்குப் போனது. அங்கே புது அரங்கத்துக்கு 75 கோடி டாலர் பொதுப்பணம் காத்திருந்தது. 2024 சீசனோடு பேஸ்பால் அணியும் போயிற்று. அந்தக் கால்பந்து அணியைத் திரும்ப அழைத்து வர 1995-ல் அரங்கத்தைப் பெரிதாக்கினார்கள். அந்தக் கடனை, அணி போன பிறகும் ஊரார் வரிப்பணத்தில் கட்டினார்கள். அணி முதலாளியுடையது, அவன் நினைத்தால் மூட்டை கட்டுவான். மைதானமும் கடனும் ஊருடையவை, அவை நகரா. இந்த வித்தியாசத்தை மறக்கும் நகரம் ஏமாறும்.

இது வரை சொன்னது பணத்தின் கணக்கு. இனி ஆளின் கணக்கு.

1982 நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் ஓட்டல்களும் ராப்பகலாகக் கட்டப்பட்டன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து ஜமேதார்கள் கூலிகளைக் கூட்டி வந்தார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் மேஸ்திரிகள். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதை ஜமேதார் கையில் கொடுப்பார். ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். தேசத்தின் கௌரவம் என்று மேளம் கொட்டிய வேலையில், மண் சுமந்தவன் கூலியில் தினமும் ஒரு ரூபாய் திருட்டுப் போயிற்று.

மக்கள் ஜனநாயக உரிமை சங்கம் இதை ஒரு கடிதமாக எழுதி சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி பகவதிக்கு அனுப்பியது. அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, 1982 செப்டம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று கோர்ட் சொன்னது. பசிக்காகச் சம்மதித்து வந்தான் என்பது சம்மதம் ஆகாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கட்டட வேலையில் வைக்கக் கூடாது. காண்டிராக்டர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று வேலையைக் கொடுத்த சர்க்கார் கை கழுவவும் முடியாது. இன்றும் இந்தியாவில் கூலிக்காரனுக்குக் கவசமாக நிற்கும் தீர்ப்பு ஒரு விளையாட்டு அரங்கத்தின் மண்ணிலிருந்து முளைத்தது என்பதை நம் தோழர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சட்டம் இப்போது எப்படி இருக்கிறது? வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தும். வழிச் செலவு உண்டு. ஊரை விட்டு வந்ததற்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகவும் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் ஏட்டளவிலேயே கிடந்தது என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் அதில் கரைந்தது. ஐந்து பேர் என்றிருந்தது பத்துப் பேர் ஆயிற்று. இடப்பெயர்ச்சிப் படி காணாமல் போயிற்று. காண்டிராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டிய வரம்பு இருபது ஆளிலிருந்து ஐம்பது ஆள் ஆயிற்று. நாற்பத்தொன்பது ஆளோடு நிறுத்திக்கொண்டு பத்து சப்-காண்டிராக்டராகப் பிரிந்து நிற்பது எவ்வளவு சுலபம் என்பதை மஸ்டர் ரோல் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் மக்களைப் பார்த்து ஒரு கசப்பான சொல் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ரயிலிலிருந்து மண்வெட்டியோடு இறங்கியவர்கள் நாம். இன்று தன்பாத் எக்ஸ்பிரஸ்ஸின் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து ஆலுவாவில் இறங்குகிறவர்கள் ஒடியா, வங்காளம், ஜார்க்கண்டுப் பிள்ளைகள். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் பேர் இருக்கலாம் என்று 2013-லேயே குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நாளைக்கு அரங்கம் எழும்பினால் சாரத்தில் ஏறப்போவது பெரும்பாலும் அவர்களே. நம்மவர்களில் சிலர் அதற்குள் மேஸ்திரியாகி, சப்-காண்டிராக்டராகி இருக்கிறார்கள். உழைத்து முன்னேறியதில் நமக்கும் பெருமைதான். ஆனால் நேற்று நம் அப்பன் கூலியில் எட்டணா பிடித்த கங்காணியைத் திட்டிய வாய், இன்று ஒடியாக்காரனின் கூலியில் ஐம்பது ரூபாய் பிடிக்கலாமா? 'பாண்டி' என்று நம்மைக் கேலி செய்தபோது வலித்ததே, அதே வாயால் 'பங்காளி' என்று அவனை இளக்காரம் பேசலாமா? தமிழன் என்ற பெயரில் சங்கம் வைத்துக்கொண்டு இன்னொருவன் வயிற்றில் அடித்தால் அந்தச் சங்கத்துக்கு அர்த்தம் இல்லை. அவன் கூலி இறங்கினால் நாளை நம் கூலியும் இறங்கும். காண்டிராக்டரின் கணக்கில் மொழி கிடையாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 29-ல் இதே கலூர் ஸ்டேடியத்தில், கின்னஸ் சாதனைக்கான நடன நிகழ்ச்சியில், கேலரியில் போட்ட தற்காலிக மேடையிலிருந்து எம்.எல்.ஏ. உமா தாமஸ் தவறி விழுந்து படுகாயம் அடைந்தார். உறுதியான தடுப்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாடா கட்டியிருந்தது. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மக்கள் பிரதிநிதி உட்காரும் மேடைக்கே இந்தக் கதி. கேமரா வராத இடத்தில், ராத்திரி ஷிப்டில், ஆறாவது தட்டில் சென்டரிங் பலகை அடிப்பவனுக்கு என்ன தடுப்புப் போடுவார்கள்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை.

ஒன்று: பொது நிலமோ பொதுப் பணமோ சம்பந்தப்பட்ட எந்த அரங்க ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அணி பாதியில் போனால் ஊருக்கு என்ன இழப்பீடு என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு: அஸ்திவாரக் கல் நாட்டுவதற்கு முன் ஆள் கணக்கு. எத்தனை காண்டிராக்டர்கள் இருந்தாலும் சரி, கடைசி சித்தாள் வரை பெயர், ஊர், கூலி எழுதிய பதிவேடு ஒன்றே ஒன்று. அதற்குப் பொறுப்பு வேலையைக் கொடுப்பவர். கூலி நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மேஸ்திரி கை வழியாக அல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

மூன்று: கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நல நிதிக்கு வரியாகச் சேர வேண்டும் என்பது 1996 முதல் உள்ள ஏற்பாடு. நூறு கோடி அரங்கம் என்றால் ஒரு கோடி. அது கட்டப்பட்டதா என்று நம் கிளைகள் விசாரிக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 2010-லேயே நலத் திட்டம் தொடங்கிய மாநிலம் கேரளம். அந்தப் பெயரைக் காப்பாற்ற, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

நான்கு: தங்குமிடம், குடிநீர், கக்கூஸ் முதல் நாளிலேயே வேண்டும். பாதுகாப்பு விதிகள் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் எழுதி மாட்டப்பட வேண்டும்.

ஐந்து: ஆட்டம் இல்லாத நாட்களில் மைதானத்தின் ஒரு பகுதியாவது சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். வாசலில் கடலை, டீ விற்கிறவர்களுக்கு அனுமதியும் இடமும் ஒதுக்கப்பட வேண்டும்.

இவை பேராசைக் கோரிக்கைகள் அல்ல. முதலாளி ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய் இறக்குவதில்லை. அவனுக்கு நியாயமானது நமக்கும் நியாயமே. வளைகுடாவில் தன் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றிக் கேரளம் எத்தனை தடவை கண்ணீரோடு பேசியிருக்கிறது! 2022 உலகக் கோப்பைக்குக் கத்தாரில் அரங்கம் கட்டியவர்களின் நிலை கண்டு உலகமே கேள்வி கேட்டதே! அந்த அளவுகோலை ஆலுவாவிலும் கலூரிலும் வைத்துப் பார்க்கும்படிதான் கேட்கிறோம். மலையாளித் தோழர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. தொழிற்சங்கம் என்றால் என்ன என்பதை நம்மில் பலருக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த மண்தான்.

கிளைத் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை அடுத்த கூட்டத்தில் படித்து விவாதிக்க வேண்டும். கூட்டத்துக்குப் பக்கத்து முகாமிலிருக்கும் ஒடியா, வங்காளத் தோழர்களில் இரண்டு பேரையாவது அழைத்து வாருங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. கூலிச் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அங்கிருந்தே தொடங்கும். விவாதித்த முடிவைச் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அதைச் சேர்த்து ஜி.சி.டி.ஏ.வுக்கும் தொழிலாளர் துறைக்கும் கேரள கிரிக்கெட் சங்கத்துக்கும் மகஜராகக் கொடுப்போம்.