டயருக்கு மெருகு

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதுரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சிதான். காளவாசலிலும் அண்ணா நகரிலும் மாட்டுத்தாவணிப் பக்கத்திலும் வண்டி கழுவும் நிலையங்களின் வாசலில் மோட்டார் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும். நுரையில் முழுகி எழுந்த வண்டியின் டயர்களின் மேல் ஒரு பையன் குப்பியிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைப் பீச்சுவான். அவ்வளவுதான்! திருமங்கலத்துக் கரிசல் புழுதியில் உழன்று வெளிறிப்போன டயர், அன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் கன்னங்கரேலென்று பளபளக்கும். வண்டிக்காரரின் முகமும் உடனே மலரும். பிறகு சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம்.

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகை எங்கே பூசுகிறோம், எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

என் தங்கை மகன் ஒரு பூஜைக்கு முதல் நாள் தன் ஸ்கூட்டரைக் கழுவக் கொடுத்தான். கழுவியவர்கள் அன்பு மிகுதியால், கூலி ஒன்றும் கேளாமலே, இரண்டு டயர்களுக்கும் தாராளமாக மெருகெண்ணெய் பூசிவிட்டார்கள். வைகைப் பாலத்திலிருந்து இறங்கி இடப்புறம் திரும்பும்போது ஸ்கூட்டர் அவனை விட்டுப் பிரிந்து தனி வழியே சென்றது. தெய்வாதீனமாகப் பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் பூஜையில் வண்டிக்கு மாலை, அவனுக்குக் கட்டு.

இது ஏன் நேர்ந்தது? நான்கு சக்கர வண்டியானாலும், ஒவ்வொரு டயரும் ஒரு சமயத்தில் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலந்தான். இரண்டு சக்கர வண்டிக்கோ அதனினும் குறைவு. அந்தச் சிறு இடத்தின் பிடிப்பை நம்பித்தான் நாம் வேகமாகச் செல்கிறோம், திரும்புகிறோம், நிற்கிறோம். டயர் மெருகில் பெரும்பாலும் இருப்பது ஸிலிக்கோன் எண்ணெய். வழுக்குவதே அதன் பிறவிக் குணம். கார் திரும்பும்போது டயரின் பக்கச் சுவர் தரையில் படுவதில்லை. ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் திரும்புகையில் சாய்கின்றன; டயரின் ஓரம் தரையைத் தொடுகிறது. ஆகையால் நேயர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இதுதான்: இரண்டு சக்கர வண்டியின் டயருக்கு மெருகு கூடவே கூடாது. கழுவக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். காருக்குப் பூசினாலும் பக்கச் சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தரையில் உருளும் பட்டையில் ஒரு துளியும் படலாகாது.

டயர் ஏன் வெளிறுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. மரத்திலிருந்து வடியும் ரப்பர்ப் பால் வெண்மையானது. 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். டயருக்குக் கருமை தருவது பின்னாளில் அதோடு சேர்க்கத் தொடங்கிய கரித்தூள். வெயிலும் காற்றிலுள்ள ஓஸோனும் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுப்பதற்காகச் சில மருந்துகளை ரப்பரிலேயே கலந்து வைக்கிறார்கள். அவை சிறிது சிறிதாக மேலே கசிந்து காவல் காக்கின்றன. அப்போது பழுப்பு நிறம் படர்கிறது. நாம் அழுக்கென்று எண்ணும் பழுப்பில் ஒரு பகுதி உண்மையில் டயரின் கவசம்! டீஸலும் மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் எண்ணெயும் கொண்டு டயரைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த எண்ணெய்களை ரப்பர் உறிஞ்சி உப்பும், வலுவிழக்கும். ஒரு நாள் மினுக்குக்காக டயரின் ஆயுளைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கடையில் விற்கும் மெருகிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பால்போன்று இருப்பது. தண்ணீரில் கலந்து செய்தது. மற்றொன்று தெளிந்து, பெட்ரோல் வாடை வீசுவது. பெட்ரோலியக் கரைப்பானில் செய்தது. பின்னது கண்ணைப் பறிக்கும், நெடுநாள் நிற்கும், ஆனால் எளிதில் தீப்பற்றும். அடிக்கடி பூசினால் ரப்பருக்கும் நல்லதல்ல. முன்னதில் மினுக்குக் குறைவு, தீங்கும் குறைவு. வீட்டுக்கு ஏற்றது முன்னதே.

பூசும் முறை கடினமானதல்ல. வண்டியை நிழலில் நிறுத்திச் சக்கரங்களை நன்றாக ஆற விடுங்கள். மேலூரிலிருந்து சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியின் பிரேக் தொடமுடியாதபடி கொதிக்கும். அந்தச் சூட்டில் சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்து சக்கரத்தில் கறையாகிவிடும். ஆறிய பிறகு சாதாரண வண்டிச் சோப்பும் மெல்லிய பிரஷும் கொண்டு டயரைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மெருகைப் பீச்சாமல், ஸ்பாஞ்சில் சிறிது எடுத்துப் பக்கச் சுவரில் மட்டும் தடவ வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து, மிகுந்து நிற்பதை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் பலர் செய்வதில்லை. மிகுதி எண்ணெய் சக்கரம் சுழலும்போது தெறித்து வண்டியின் வர்ணத்திலும் உலோகச் சக்கரத்திலும் படிகிறது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதில் ஒட்டிக் கறுத்த பிசினாகிறது.

அந்தக் கறையைப் போக்குவதற்கு அமிலம் கலந்த கழுவு திரவத்தைக் கையாள்வது அடுத்த தவறு. இக்காலத்துக் கார்ச் சக்கரங்கள் பலவும் அலுமினியக் கலப்பால் ஆனவை. மேலே மெல்லிய பூச்சு உண்டு. கடுமையான அமிலமும் ஆகாது. காஸ்டிக் சோடா போன்ற காரமும் ஆகாது. பூச்சு போய்விட்டால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும், அதற்கு மருந்தில்லை. சோப்பும் பொறுமையுமே போதும்.

பீச்சுங் குப்பியைத்தான் கையாள வேண்டுமென்றால், பிரேக் தட்டின் மேல் படாதபடி அட்டை ஒன்றை மறைவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டில் பட்டுவிட்டால், அதற்கென்று விற்கும் பிரேக் கழுவும் திரவத்தால் துடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பிரேக்கின் தேய்கட்டையிலும் ஊறிவிட்டதென்று தோன்றினால் மெக்கானிக்கை அழைத்துக் காட்டுவதே விவேகம். குப்பியை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். சூட்டில் அது வெடிக்கக்கூடும்.

மெருகு எதையும் பழுது பார்ப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. பழைய கார் வாங்கப் போகும்போது டயர் மிகவும் பளபளத்தால் மகிழ வேண்டாம், குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ, பக்கத்தில் வெடிப்புக் கண்டிருந்தாலோ, எத்தனை மெருகிட்டாலும் அது கிழடுதான்.

மதுரைக்கு டயரின் அருமை புதிதல்ல. டி. வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் ஓட்டத் தொடங்கியது 1910-களின் ஆரம்பத்தில். அந்நாளைச் சாலைகளில் கிடந்த லாட ஆணிகள் டயரைக் குத்தாதிருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டுப் பொறுக்கியதாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 1942-ல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் அருமையாகிவிட்டது; தேய்ந்த டயரைப் போற்றிக் காப்பது தேச சேவையாயிற்று. இன்றோ மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியிலேயே டயர்கள் உற்பத்தியாகின்றன. நம் மண்ணில் நம்மவர் உழைப்பால் விளையும் பண்டத்தை அறியாமையால் பாழாக்கலாமா?

நம் பாட்டனார் காலத்து வண்டிக்காரர் ஒரு மூங்கில் குழாயில் வண்டி மை வைத்திருப்பார். அதை அவர் அச்சில் இடுவார். தரையில் உருளும் இரும்புப் பட்டாவில் ஒருபோதும் தடவமாட்டார். எங்கே வழுக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவக் கொடுக்கும்போது, நாமும் அதைக் கழுவுகிற பையனிடம் நயமாக ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்.