கேக் வெட்டியது போதும், தோழர்களே

டிசம்பர் பிறந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் நம் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு ஊட்டி, சாமியாருக்குச் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். கிறிஸ்தவ ஓட்டு நமக்குத்தான் என்று அவர்கள் கணக்கு எழுதிக்கொள்வது அந்தக் கைதட்டலை வைத்துத்தான்.

தோழர்களே, ஆகஸ்ட் 10 வருகிறது. 1950-ல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். தலித் கிறிஸ்தவர்களான நமக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை பூட்டுதான்.

இது டெல்லி விவகாரம் என்று காவேரிப்பட்டினத்தில் யாரும் சொல்லாதீர்கள். ஒரே தெருவில் அக்காவும் தம்பியும் குடியிருக்கிறார்கள். மாம்பழ சீசனில் இருவரும் ஒரே மாங்கூழ் ஆலையில் கூலி. அக்கா பிள்ளைக்குத் தாலுகா ஆபீசில் எஸ்.சி. சர்டிபிகேட், ஞானஸ்நானம் வாங்கிய தம்பி பிள்ளைக்கு பி.சி. ஊர்த் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் அடி விழுந்தால் அக்காவுக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு, தம்பிக்குக் கிடையாது. அடித்தவன் என்ன, கழுத்தில் சிலுவை தொங்குகிறதா என்று பார்த்தா அடித்தான்? பக்கத்திலிருக்கும் ஊத்தங்கரை தனித்தொகுதி. அங்கே நம் ஆள் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது.

அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அறிக்கை கொடுத்தது. காங்கிரஸ் அதன் பிறகும் ஏழு ஆண்டு ஆண்டது, 2013 வரை தி.மு.க.வும் கூடவே இருந்தது. அறிக்கை அலமாரியில் தூங்கியது. 2023 ஏப்ரல் 19-ல் நமக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது அதே தி.மு.க.தான். பா.ஜ.க. வெளிநடப்பு செய்தது. இதே கேள்வியை ஆராய 2022-ல் டெல்லி அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கோ கெடு மேல் கெடு கொடுத்தார்கள்.

கேட்டு வாங்கிய அனுபவம் நமக்கு உண்டு. 2002-ல் ஜெயலலிதா கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம், 2004 தேர்தலில் அடி விழுந்ததும் பறந்தது. 2007-ல் கிறிஸ்தவர்களுக்கென்று கொடுத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டால் நமக்கு நஷ்டம்தான் என்று நாமே போய்ச் சொன்னோம், மறு வருஷமே திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிச் சுவர் எழுப்பியது எந்தக் கட்சியும் அல்ல, நம் சபையார்தான். அந்தச் சுவரைப் பற்றி வாய் திறக்காத சாமியாரோ பாஸ்டரோ, தேர்தல் நேரத்தில் பீடத்திலிருந்து சின்னத்துக்கு ஜாடை காட்டினால் எழுந்து கேளுங்கள். அவர் ஓட்டு அவருக்கு, நம் ஓட்டு நமக்கு.

அதனால்தான் ஆகஸ்ட் 10 கூட்டத்தை ஆலய வளாகத்துக்குள் வைக்கவில்லை. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று 1988 சட்டமே இருக்கிறது. காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அன்று காலை பத்து மணிக்குக் கூடுவோம். ஓசூர் கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் இப்போதே ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பிரிந்து நிற்க வேண்டாம், தலித் முஸ்லிம் தோழர்களையும் அழையுங்கள். கறுப்புப் பட்டை நாங்கள் தருகிறோம். பிள்ளையின் சாதிச் சான்றிதழ் நகலை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகலைக் கொடுத்து, மூன்றாம் பத்தியை நீக்க நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி கை தூக்குமா என்று கேட்கப்போகிறோம். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கேக் வெட்டட்டும்.