செம்பு ஏறினால் பங்கும் ஏறுமா?

ஷிப்டு முடிந்து பென்னலூர் டீக்கடைப் பெஞ்சில் கைப்பேசியைத் தடவியபடி, "செம்பு விலை ஏறுகிறது, ஆகையால் செம்புக் கம்பெனிப் பங்கு எதுவாயினும் லாபமே" என்று வாதிக்கும் அன்பர்களுக்குச் சில கேள்விகள்.

ஒன்று: செம்புக் கம்பெனி என்பது சுரங்கமா, உருக்காலையா? தாதுவை விலைக்கு வாங்கி உருக்குபவன் பிரதானமாக உலோகத்தின் விலையால் அன்று, உருக்குக்கூலியாலேயே ஜீவிக்கிறான். அக்கூலியோ, சர்வதேச வருஷ ஒப்பந்தத்தில் 2024-இல் டன்னுக்கு 80 டாலராக இருந்து, செம்பு உச்சத்தை நோக்கி ஏறிய 2025-இல் 21.25 டாலராகச் சரிந்தது. இதை எந்த லாபக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இரண்டு: விலை ஏறினால் போதுமா, ஆலை திறந்திருக்க வேண்டாமா? ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் மாண்டபின், 2018 மே மாதம் அரசாணையால் மூடப்பட்ட, வருஷம் நான்கு லட்சம் டன் திறனுள்ள தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை, செம்பு டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய 2021 மே மாதத்தில், விசித்திரமாக, கொரோனா நோயாளிகளுக்கான பிராணவாயு மட்டுமே தயாரித்தது.

மூன்று: 2008 ஜூலையில் 8,900 டாலரை எட்டிய செம்பு, அவ்வருஷம் டிசம்பரில் 3,000-க்குக் கீழே விழுந்தது மறந்துவிட்டதா?

வாங்குமுன் ஆண்டறிக்கையைத் திறந்து, சொந்தச் சுரங்கம் உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் நெடுங்காலமாகச் செம்புத் தாது வெட்டி வந்தது ஹிந்துஸ்தான் காப்பர் ஒன்றே.