பழைய சமிக்ஞை விளக்கிற்கு எந்த மின்குமிழ்?



பழைய சாலைச் சமிக்ஞை விளக்குகளை வாங்கி வந்து, துடைத்துச் சாயம் பூசி, வரவேற்பறையில் மாட்டி அழகு பார்க்கும் அன்பர்கள் நம்மிடையே சிலர் உள்ளனர். அஞ்சல்தலை, நாணயம் சேர்ப்பது போல இதுவும் ஒரு நல்ல பொழுதுபோக்கே. ஆனால், அவர்களில் பலர் முதல் வேலையாக உள்ளிருக்கும் குமிழைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. குமிழைப் பொருத்திவிடுகின்றனர். ‘மின்சாரம் மிச்சம், சூடும் இல்லை’ என்பது அவர்கள் கூறும் காரணம். இதை நான் ஏற்கவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிரும் பழைய குமிழே அவ்விளக்கிற்கு உரியது. அதிலும் குறைந்த வாட் கொண்டதே உரியது என்பது என் கருத்து.

காரணம் வில்லையின் நிறத்தில் இருக்கிறது. பழைய விளக்கின் பச்சை வில்லையைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது இலைப் பச்சையாக இராது. நீலம் கலந்த பச்சையாக இருக்கும். இது செய்தவரின் பிழையன்று. இழைக் குமிழின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. அந்த ஒளி நீலப்பச்சை வில்லையின் வழியே வரும்போதுதான் நம் கண்ணுக்குச் சரியான பச்சையாகத் தெரிகிறது. அதாவது, வில்லையும் குமிழும் சேர்ந்தே அந்த நிறத்தை உருவாக்குகின்றன.

இவ்வுத்தி சாலைக்கு வருமுன்பே இருப்புப் பாதையில் இருந்தது. எங்கள் பாலோவின் வழியே செல்லும் ஜொகூர் இருப்புப் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அக்காலத்து இரயில் பாதைகளில் கைகாட்டி மரங்களே சமிக்ஞை. இரவில் அவற்றில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். பிரிட்டிஷ் முறைக் கைகாட்டிகளின் ‘பச்சை’க் கண்ணாடியைப் பகலில் பார்த்தால் நீலமாகவே தோன்றும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் சேர்ந்தால்தான் அது பச்சை. சாலைச் சமிக்ஞையே இரயிலின் பிள்ளைதான். 1868இல் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட முதல் சாலைச் சமிக்ஞையை வடிவமைத்த ஜே. பி. நைட் ஓர் இரயில்வே பொறியாளர். எரிவாயுவில் எரிந்த அவ்விளக்கு 1869 சனவரியில் வெடித்துக் காவலர் ஒருவர் காயமுற்றார் என்பது தனிக்கதை.

வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியோ வேறு வகை. நீல ஒளி தரும் சில்லின் மீது மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவியே அதை வெண்மையாக்குகின்றனர். எனவே அதில் நீலம் மிகுதி, ஆழ்ந்த சிவப்பு குறைவு. பச்சை வில்லைக்குப் பின்னால் அதை வைத்தால் வெளிறிய நீலம் கிடைக்கும். சிவப்பு வில்லை சோர்ந்து போகும். ஒருமுறை நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒரே பச்சை வில்லையை இரண்டு குமிழ்களின் முன்னும் பிடித்துக் காட்டினேன். எல்.இ.டி.யின் முறை வந்தபோது, “ஐயா, இது நீலம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் எதுவும் விளக்கிக் கூறுமுன்பே வந்த குரல் அது. மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. சற்றுத் தேவலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இழையின் ஒளிக்கு அது ஈடாகாது.

சரி, எத்தனை வாட்? அமெரிக்க விளக்குகளில் 200 மில்லிமீட்டர் வில்லைக்கு 67 வாட் அளவிலும், 300 மில்லிமீட்டர் வில்லைக்கு 150 வாட் வரையிலும் குமிழ்கள் பயன்பட்டன. வீட்டுக் குமிழ் 1,000 மணி நேரம் எரியும் என்றால், சமிக்ஞைக் குமிழ் 8,000 மணி நேரம் எரியுமாறு செய்யப்பட்டது. நடுச்சாலையில் அடிக்கடி ஏணி வைத்து ஏற முடியாதல்லவா! அவை நூறடிக்கு அப்பால் வெயிலில் வரும் ஓட்டுநருக்கானவை. பத்தடி அகல வரவேற்பறையில் அவற்றை ஏற்றினால் கண் கூசும். மேலும், இழைக் குமிழ் உண்ணும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் வெப்பமாகவே போகிறது. மூடிய பிளாஸ்டிக் கூட்டினுள் 100 வாட் குமிழை மணிக்கணக்கில் எரியவிட்டால் கூடும் வில்லையும் நெளிந்துவிடக்கூடும். சேகரித்த பொருளையே இழப்பதற்கா இத்தனை பாடு?

ஆகவே 25 வாட் போதும். கண்ணாடி தெளிவானதாக இருக்கட்டும். உள்ளிருக்கும் குழி ஆடி ஒரு சிறு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்காக அமைக்கப்பட்டது. பால் நிறக் குமிழில் கண்ணாடி முழுவதும் ஒளிர்வதால் அந்த அமைப்பு பயனற்றுப் போகும்.

பெரிய குமிழைப் போட்டு, ஒளி குறைக்கும் கருவியால் மங்கச் செய்யலாமே என்பர் சிலர். சிறிதளவு குறைத்தால் குமிழின் ஆயுள் கூடும், உண்மை. அளவுக்கு மீறிக் குறைத்தாலோ இழை குளிர்ந்து செம்மஞ்சளாகிவிடும். அப்போது சிவப்பும் மஞ்சளும் பொலிவுடன் இருக்க, பச்சை மட்டும் செத்துப் போகும். சிறிய குமிழை முழு மின்னழுத்தத்தில் எரிப்பதே மேல்.

அமெரிக்க விளக்கோடு வரும் பழைய குமிழை ஆர்வத்தில் அப்படியே நம் மின்சாரத்தில் இணைத்துவிடாதீர்கள். அது 120, 130 வோல்ட்டிற்கானது. நம்முடையது 230 வோல்ட். ஒரு மின்னலோடு கதை முடிந்துவிடும். பிற்காலப் பிரிட்டிஷ் முறை விளக்குகள் சிலவற்றில் குறைந்த மின்னழுத்த ஹாலஜன் குமிழும் மின்மாற்றியும் இருக்கும். அவற்றைப் பார்த்து அறிந்து செய்க. கூடு உலோகமாயின் நில இணைப்பு கட்டாயம். பழைய கம்பிகளைப் பதிவு பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பொருள் இது. கைக்கெட்டாத உயரத்தில் மாட்டுவது நலம்.

‘மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று பள்ளியில் கற்பித்துவிட்டு இப்படி எழுதலாமா?’ என நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலைச் சந்திப்பில் ஒரு விளக்குக் கூட்டில் எப்போதும் ஏதேனும் ஒரு 67 வாட் குமிழ் எரிந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 587 யூனிட் செலவாகும். அங்கே எல்.இ.டி. வந்தது முற்றிலும் சரி. வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் 25 வாட் குமிழ் எரிந்தால் ஆண்டுக்கு 9 யூனிட்தான். நம் அரசாங்கம் 2011இல் 100 வாட் குமிழ்களில் தொடங்கி இவ்வகைக் குமிழ்களைப் படிப்படியாக நிறுத்தியதும் நாடெங்கும் இரவு முழுவதும் எரிந்த விளக்குகளை எண்ணித்தான். அதனாலேயே இன்று தெளிந்த கண்ணாடிக் குமிழைத் தேடித்தான் வாங்க வேண்டியுள்ளது. கிடைக்கும்போது நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்வது தவறில்லை.

கடை முகப்பில் இரவு பகலாக எரியவிட விரும்புவோருக்கு மட்டும் எல்.இ.டி.யே தக்கது. அப்போதும் வெள்ளை வேண்டா. சிவப்பு வில்லைக்குச் சிவப்பு எல்.இ.டி., பச்சைக்குப் பச்சை எனப் பொருத்துங்கள். கழற்றிய பழைய குமிழைக் குப்பையில் எறியாமல், துணியில் சுற்றி, விளக்குடனேயே ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள்.