பத்து வெள்ளிக் கணக்கு

ஜொகூர், இஸ்கந்தர் புத்ரியின் புத்ரி ஹார்பர் கரையோரத்தில் 2012-ல் ஒரு குடும்பக் கேளிக்கை மையம் திறக்கப்பட்டது. ஹலோ கிட்டிப் பூனையையும் தாமஸ் ரயிலையும் பார்க்கப் பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 2019 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த மையம் மூடப்பட்டது. கோவிட் பெருந்தொற்று நாட்டையே பூட்டியது அதற்குப் பிறகு, 2020 மார்ச் 18-ல்தான். ஆறு வயதில் அங்கே பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளை, தனக்குப் பின் பிறந்த தம்பியை அங்கே அழைத்துப் போக முடியாமல் போயிற்று.

நடத்தியவர்களைக் குறை சொல்வதற்காக இதை நினைவூட்டவில்லை. கட்டுப்படியாகும்வரை கடையைத் திறந்து வைப்பது வணிகத்தின் இயல்பு. அந்த இயல்பை நம்பி நம் பிள்ளைகளின் கற்றலை ஒப்படைக்கலாமா என்பதே என் கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூரில் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். சிங்கப்பூருடன் சேர்ந்து அமைக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்பந்தமாகிவிட்டது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஓடவிருக்கும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இவ்வளவு பணமும் மனிதர்களும் வந்து சேரும் மாநிலத்தில், ஊரே சேர்ந்து தாங்கி நடத்தும் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்று எழ வேண்டும். அதைக் கட்டுவது எளிது. ஆண்டுக்கு ஆண்டு நடத்துவதுதான் கடினம். ஆகவே கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பற்றிப் பேசுவோம்.

தொட்டுப் பார்க்கும் உரிமை

உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-ல் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கான அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிக்குள் இருந்த காலம் அது. 1902-ல் அங்கே பணிக்குச் சேர்ந்த அன்னா கேலப், பிள்ளைகள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்ற எண்ணத்தை 35 ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். 1913-ல் பாஸ்டன் நகரில் அறிவியல் ஆசிரியர்கள் முனைந்து இன்னொன்றைத் தொடங்கினார்கள். 1924-ல் புருக்ளினைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மேரி கேரி என்ற பெண்மணி, மறு ஆண்டே இண்டியானாபொலிஸில் ஒன்றைத் தொடங்கினார். இன்று அதுதான் உலகிலேயே பெரிய குழந்தைகள் அருங்காட்சியகம்.

பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர், தன் குழந்தைகள் அருங்காட்சியகத்தை 2022 டிசம்பரில் கோல்மன் ஸ்திரீட்டில் திறந்தது. புதிதாக எதையும் கட்டவில்லை. 1906-ல் பள்ளிக்கூடமாக எழுந்து, பின்னாளில் அஞ்சல்தலை அருங்காட்சியகமாக இருந்த பழைய கட்டடத்தையே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். நடத்துவது அரசின் மரபுடைமைக் கழகம். குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. ஜொகூர்ப் பிள்ளை அங்கே போனால் வெளிநாட்டார் கட்டணம் கட்ட வேண்டும், எல்லையில் வரிசையில் நிற்கவும் வேண்டும்.

ஜொகூரிடம் காட்டுவதற்குப் பொருளில்லாமல் இல்லை. இஸ்தானா பெசார் அரண்மனை அருங்காட்சியகம், பாசிர் கூடாங்கின் பட்ட அருங்காட்சியகம், பெக்கான் நானாசின் அன்னாசி அருங்காட்சியகம் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாயின் அலையாத்திக் காடு இங்கேதான் இருக்கிறது. கம்பீரும் மிளகும் பயிரிட வந்த சீனர்களின் கதையும், பால்மரக் காட்டில் மூன்று தலைமுறை உழைத்த தமிழர்களின் கதையும் இந்த மண்ணுக்குச் சொந்தம். பால் வெட்டும் கத்தியையும் மங்கையும் ஒரு பேரன் கையில் எடுத்துப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் பாட்டிக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். அந்த நேரத்தில் அவரைவிடச் சிறந்த வழிகாட்டி வேறு யார்? குழந்தைகள் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

நுழைவுச்சீட்டால் மட்டும் முடியாது

இனி கணக்குக்கு வருவோம். மிகச் சிறிய ஓர் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஊழியர்கள். எல்லாருக்கும் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி மட்டுமே. ஆண்டுக்கு 2,44,800 வெள்ளி ஆகிறது. முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காட்டு ஊழியர் சேமநிதியைச் சேர்த்தால் 2,76,624 வெள்ளி. மின்சாரம், பராமரிப்பு, காப்புறுதி, துப்புரவு எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

ஆளுக்குப் பத்து வெள்ளி நுழைவுக் கட்டணம் என்றால், இந்தச் சம்பளத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,700 பேர் சீட்டு வாங்க வேண்டும். 300 நாள் திறந்து வைத்தால் நாளொன்றுக்கு 92 பேருக்கு மேல். விடுமுறையில் அது எளிது. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமைக் காலையில் எளிதல்ல. கட்டணத்தைக் கூட்டலாமே என்றால், வீட்டுப் பக்கமிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவர், பிள்ளைகள் மூவர் வந்தால் பத்து வெள்ளிக் கட்டணத்திலேயே 50 வெள்ளி. மாதம் 26 நாள் உழைத்து 1,700 வெள்ளி வாங்குபவரின் ஒரு நாள் கூலி 65 வெள்ளிதான். பெட்ரோலும் சாப்பாடும் சேர்ந்தால் அந்த ஒரு நாள் கூலி போதாது. கட்டணம் ஏறினால் வரவு கூடும். ஆனால் யாருக்காக இடம் திறந்தோமோ அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

தொட்டு விளையாடும் பொருள்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. கண்ணாடிக்குள் இருக்கும் கிரீடம் நூறாண்டு அப்படியே இருக்கும். ஆயிரம் கைகள் சுழற்றும் சக்கரம் சில மாதங்களில் பழுதாகும். பிள்ளைகள் பொருளை உடைப்பது இடம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஆகவே பழுதுபார்ப்புக்கென்று முதல் நாளிலிருந்தே பணம் ஒதுக்கியாக வேண்டும். ‘பழுது’ என்று அட்டை தொங்கும் பொருள்கள் கூடக்கூட, பிள்ளைகள் மறுபடி வருவது குறையும்.

ஒற்றைத் தூணின் ஆபத்து

சீட்டு வருமானம் போதாது என்றால் வேறு எதை நம்புவது? மலேசியாவிலேயே பல வகை அனுபவம் இருக்கிறது. கோலாலம்பூரின் பெட்ரோசைன்ஸ் 1999-லிருந்து பெட்ரோனாஸ் நிறுவனத்தின் தோளில் நிற்கிறது. பினாங்கில் 2016-ல் கொம்தாரில் திறந்த டெக் டோம், மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கைகொடுக்க, இலாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. ஜொகூர் பாரு ஜாலான் இப்ராகிமில் 2009-ல் திறந்த சீன மரபுடைமை அருங்காட்சியகத்தைச் சீனர் சங்கமே நடத்துகிறது. பெரிய நிறுவனம், மாநில அரசு, சமூகச் சங்கம் என மூன்று தூண்கள். ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் எந்த ஒன்றின் மேலும் முழுப் பாரத்தையும் ஏற்றக்கூடாது. நிறுவனத்தின் இலாபம் குறையும் ஆண்டு வரும். ஆட்சியின் முன்னுரிமை மாறும். சங்கத்தின் தலைமுறையும் மாறும்.

எல்லை மாநிலமான ஜொகூருக்கு நாலாவது ஆபத்தும் உண்டு. இங்குள்ள கடைகளும் உணவகங்களும் சிங்கப்பூர் வெள்ளியை எதிர்பார்த்துப் பழகிவிட்டன. 2020 மார்ச்சில் பாலம் அடைபட்டது; 2022 ஏப்ரல் 1-ல்தான் முழுமையாகத் திறந்தது. அக்கரை விருந்தினரை மட்டும் நம்பிய இடங்கள் அந்த இரண்டாண்டில் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அத்துடன், 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி–சனியிலிருந்து சனி–ஞாயிறுக்கு மாறிவிட்டது. முன்பு நம் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை என்ற அமைதியான நாள் இருந்தது. இப்போது அக்கரையும் இக்கரையும் ஒரே இரு நாளில் குவிகின்றன. வார இறுதியைக் குடும்பங்கள் நிரப்பும். வாரத்தின் மற்ற நாள்களைப் பள்ளிகள்தான் நிரப்ப வேண்டும். வருமானத் திட்டத்தை இந்த நாள்காட்டியை வைத்துத்தான் போட வேண்டும்.

என் பரிந்துரை இது: ஆண்டு வருமானத்தில் எந்த ஒரு மூலமும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சீட்டும் உறுப்பினர் சந்தாவும் ஒரு பங்கு; மாநில அரசு, மாநகர் மன்றம், நிறுவனங்களின் உதவி ஒரு பங்கு; பொதுமக்களின் கொடையும் மூலநிதியின் வட்டியும் ஒரு பங்கு. மூலநிதி என்பது தமிழருக்குப் புதிய கருத்தில்லை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விட்டார்கள். ஆட்டைக் கொல்லக்கூடாது, மந்தை குறையாமல் காத்து, அதன் பாலில் வரும் நெய்யை நாள்தோறும் அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டு அதைச் சொல்லும். முதலைத் தொடாமல் விளைவில் வாழ்வது என்ற அந்த ஏற்பாட்டைத்தான் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் வேறு பெயரில் செய்கின்றன.

பத்து வெள்ளி செய்த வேலை

சமூக ஆதரவு என்றவுடன் நம்மவர்கள் பெரிய செல்வரைத் தேடுகிறார்கள். நம் வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். எளிய தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி தந்தார்கள். 1960-ல், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கலாம் என்றார். லயத்து வீடுகளிலிருந்து வந்த அந்தப் பத்து வெள்ளிகள்தான் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கின. பிரட்டுக்குப் போய்க் கூலி வாங்கியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார்கள்.

அதே பத்து வெள்ளியை மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி தந்தால் ஆண்டுக்கு 1,20,000 வெள்ளி. அந்தச் சம்பளச் செலவில் 43 விழுக்காடு அதிலேயே அடைபடும். சீட்டாக வந்த பத்து வெள்ளி அன்றோடு முடிந்துவிடுகிறது. சந்தாவாக வரும் பத்து வெள்ளி மழை நாளிலும் வரும், பாலம் அடைபட்ட மாதத்திலும் வரும். தந்தவர் ‘நம் இடம்’ என்று கேள்வி கேட்கவும் தொடங்குவார். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றுவிட்டால், மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு வரையிலான நன்கொடைக்கு வரிக்கழிவும் உண்டு. தொடக்கக் குழு கட்டட வரைபடத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை அந்த விண்ணப்பம்தான்.

வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

புதிய இடத்துக்கு முதல் ஆண்டில் கூட்டம் வரும். அது ஆர்வத்தின் கணக்கு. இரண்டாம் ஆண்டில் குறையும். அதைப் பார்த்துப் பதறி, கூட்டம் இழுக்கும் விளம்பரக் கேளிக்கைக்குத் தாவினால் அருங்காட்சியகம் கேளிக்கைப் பூங்காவின் ஏழை உறவாகிவிடும். ஆண்டறிக்கையில் நான் தேடும் எண்கள் வேறு. வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதே ஆண்டில் மறுபடி வந்தார்கள்? எத்தனை சந்தாதாரர் புதுப்பித்தார்கள்? வருமானம் முழுதும் நின்றாலும் எத்தனை மாதம் தாங்கக் கையிருப்பு உண்டு? எத்தனை பொருள் பழுதாகி, எத்தனை நாளில் சரியானது? மாநிலத்தின் எந்த மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளிகூட வரவில்லை?

கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள்; செம்பனைத் தோட்டங்களுக்குள் நிற்பவை. சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு நுழைவு இலவசம் என்றாலும் பேருந்து வாடகை பெரும் தடை. மலாய்க் கம்பத்துப் பள்ளிக்கும், சீனப் புதுக்கிராமத்துப் பள்ளிக்கும், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். ஆகவே பேருந்து நிதி என்று தனிக் கணக்கு வேண்டும். நிறுவனங்கள் சுவரில் பெயர் பொறிக்கப் பணம் தருவதைவிட, ஒரு மாவட்டத்தின் பள்ளிகளுக்கு ஓராண்டுப் பேருந்தை ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் வராத அருங்காட்சியகத்தில் எண்ணிக்கை ஏறினாலும் அதை வளர்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. மாநில அரசு ஜொகூர் பாரு பழைய நகரில், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், ஒரு பழங்கட்டடத்தை நீண்ட குத்தகைக்குத் தரட்டும். தமிழ், மலாய், சீனப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், மேலாளர் வாரியங்களும், கோயில் நிர்வாகங்களும் முதல் ஆயிரம் சந்தாதாரரைச் சேர்க்கட்டும். தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் நான்கு மொழியிலும் வெளியாகட்டும். கணக்கைக் காட்டாத பொது அமைப்புகளுக்குக் கொடுத்துக் கைசுட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களின் தயக்கம் நியாயமானது. அதைத் தீர்க்கும் மருந்து வெளிப்படையான கணக்கு ஒன்றுதான்.

புக்கிட் சிடிம் தோட்டத்துக்குப் பத்து வெள்ளி கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தோட்டத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வேறெங்கோ இருந்த லயத்தில் உட்கார்ந்து, ரசீதை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சம்பளம் இன்று மாதந்தோறும் வங்கிக் கணக்கில் விழுகிறது. முதல் ஆயிரம் ரசீதுகளை எழுதத் தொடங்குவதற்கு இன்னும் பெரிய வசதி எதுவும் நமக்குத் தேவையில்லை.