பசுமையும் பாலையும்

மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை என்று நிலத்தை வகுத்துப் பெயரிட்டவர் தமிழர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. வெயில் மட்டுமா நிலத்தின் இயல்பைத் திரிக்கும்? மாந்தர் கையும் திரிக்குமன்றோ?

இராசத்தானில், சோத்பூர்க் கோட்டையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 70 ஹெக்டேர் பாறைநிலம் உள்ளது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த அந்நிலத்தை மீட்கும் பணி 2006இல் தொடங்கியது. வெட்டினால் மீண்டும் தழைக்கும் அம்மரத்தைக் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் உளிகொண்டு பாறை இடுக்கிலிருந்து வேரோடு அகற்றினர். தார்ப் பாலைக்கே உரிய செடிகள் அங்கு நடப்பெற்றன. 2011இல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்னும் பெயரில் அது திறக்கப்பட்டது. அதன் குறுகிய நடைபாதைகளில் செல்வோர்க்குப் பாறையின் பிறப்பும் செடிகளின் இயல்பும் விளக்கப்படுகின்றன. வெறுமை என்று நாம் எண்ணும் பாலை, உற்று நோக்குவார்க்கு உயிர் செறிந்த நூலாக விரிகிறது.

இனி நம் நீலகிரிக்கு வருவோம். உதகை–கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டத்தில் நிற்பவர் கண்ணுக்கு எங்கும் பசுமையே தெரியும். ஆயினும் அப்பசுமை அனைத்தும் காடன்று. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் விளங்குவதே இம்மலையின் இயல்பு. மழைநீரை உள்வாங்கி ஓடைகளாகச் சிறிது சிறிதாக விடுப்பவை அவையே. 1860களில், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எடுப்பதற்காகத் தென்னமெரிக்கச் சிங்கோனா இங்குப் பயிரிடப்பட்டது. அத்தோட்டத்தில் சீனக் கைதிகள் உழைத்தனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக்கட்டடம் நடுவட்டத்தில் உள்ளது. தேயிலையும் வந்தது. ஆசுத்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட சீகை மரமும் கற்பூர மரமும் நீலகிரிப் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கின. சீகை அடர்ந்த இடத்தில் புல் மடிகிறது. குறிஞ்சி பூக்க இடமில்லை. தோடரின் எருமைகளுக்கு மேய்ச்சலும் இல்லை. அதனைப் பசுமை போர்த்திய பாலை என்றால் தவறாகுமா?

ஆதலின், நடுவட்டத்தில் ஒரு கிலோமீட்டர் அளவிலேனும் விளக்க நடைபாதை ஒன்று அமைய வேண்டும் என்பது நம் கருத்து. சோலை, புல்வெளி, சிங்கோனா, சிறை, தேயிலை, சீகை ஆகிய ஒவ்வொன்றின் அருகிலும் எளிய தமிழில் சில வரிகள் போதும். அவ்வரிகள் அழகை மட்டும் புகழாமல், எது இம்மண்ணுக்கு உரியது, எது எவரால் எதற்காகக் கொணரப்பட்டது, யார் உழைத்தனர், யார் இழந்தனர் என்னும் உண்மைகளையும் கூற வேண்டும்.

மரத்தை அகற்றுவது அறமா எனச் சிலர் வினவலாம். களை பறிக்கும் உழவன் பயிருக்குப் பகைவன் அல்லன். அயல் மரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கெனத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்துள்ளது. ஆயினும், ஏன் அகற்றுகிறோம் என்பதை மக்கள் அறியாவிடில் எக்கொள்கையும் வேரூன்றாது. அந்த அறிவைக் காலால் நடந்து கண்ணால் காணும் பாதை எளிதில் தரும்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு தொடங்கிய விதத்தை நோக்குமாறு திருமறை மாந்தரை அழைக்கிறது. ஐந்திணையை ஏட்டில் பயிலும் நம் மாணவர்கள் அதனை மண்ணிலும் பயிலட்டும். இறைவன் அளித்த குறிஞ்சி, நம் காலத்தில் பாலையாயிற்று என்னும் பழி நமக்கு வேண்டா.